விருதுக்குப் படம் அனுப்புகிறவர்கள் கண்டது, பட்டது

செந்தூல்வாசி:
மலேசியாவில் ஓவிய, கலை விருது என்றாலே எல்லாரும் பரிசுத் தொகையைத்தான் பேசுகிறார்கள். விருதின் முதல் வேலை அது இல்லை. நாடு 1957-இல் சுதந்திரம் அடைந்தது. தேசியக் கலைக்கூடம் 1958-லேயே கோலாலம்பூரில் ஜாலான் அம்பாங் சாலையில் வந்துவிட்டது. கூடம் தயார், சுவர் காலி. போட்டி வைத்தால் படங்கள் தாமாக வந்து சேரும். நடுவர்கள் எதைப் பொறுக்கினார்கள் என்பதைப் பார்த்துத்தான் பின்னால் வருகிறவர்களுக்குத் துணிச்சல் பிறக்கும்.

1973-இல் அங்கு நடந்த 'மனிதனும் அவன் உலகமும்' போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். பினாங்கில் பிறந்த நிர்மலா தத் சண்முகலிங்கம் அதற்குப் படம் வரைந்து கொடுக்கவில்லை. டமன்சாராவில் சுற்றுச்சூழல் கெட்டுக் கிடந்ததைப் புகைப்படங்களைக் கொண்டு காட்டினார். பரிசு கிடைத்தது. கலை என்றால் சட்டம் போட்ட எண்ணெய் ஓவியம் என்ற எண்ணம் அங்கே கொஞ்சம் ஆட்டம் கண்டது. மறு ஆண்டே, 1974-இல், இளையோருக்கான பாக்காட் மூடா செசாமான் கலைப் போட்டி தொடங்கியது.

சுங்கை பாக்காப்:
நல்ல வரலாறுதான் அண்ணே, ஆனால் போட்டியின் நுழைவுப் பாரத்தில் (படிவத்தில்) கையெழுத்துப் போடுகிறவர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். 'கொள்முதல் பரிசு' என்று எழுதியிருந்தால் பரிசுப் பணமே படத்தின் விலை. வெளியே 12,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) போகிற படத்துக்கு 10,000 வெள்ளி பரிசு வந்தால், கைதட்டலோடு 2,000 நட்டம். பொதுச் சேகரிப்புக்குப் போகிறது என்றால் அந்த நட்டத்தைத் தாங்கலாம். ஒரு நிறுவனத்தின் அலுவலகச் சுவருக்குப் போகிறது என்றால் யோசியுங்கள்.

படம் கைமாறினாலும் காப்புரிமை தானாகக் கைமாறாது. 1987 காப்புரிமைச் சட்டப்படி அதை எழுத்தில்தான் மாற்றிக் கொடுக்க முடியும். அந்த 'எழுத்து' பல சமயம் நுழைவுப் பாரத்தின் கடைசிப் பக்கத்துப் பொடி எழுத்தில் ஒளிந்திருக்கும். விளம்பரத்துக்கும் கையேட்டுக்கும் படத்தை அச்சிட அனுமதி கேட்டால் சரி. 'எல்லா உரிமைகளும்' என்றிருந்தால் அந்த வரியை அடித்துவிட்டுக் கேளுங்கள்.

பட்டர்வொர்த் தூரிகை:
அனுப்புவதில்தான் பாதிப் படம் கெடுகிறது. பினாங்கிலிருந்து கேஎல்லுக்கு (கோலாலம்பூர்) ஏறக்குறைய 350 கிலோமீட்டர், அதுவும் மூடிய லோரியில், வெயிலில். அக்ரிலிக் வண்ணம் சூட்டில் இளகும். பபுள் ரேப்பை நேராகப் படத்தின்மேல் சுற்றினால் வட்ட வட்டமாகத் தடம் பதிந்துவிடும், பிறகு போகாது. முதலில் வண்ணத்தில் ஒட்டாத வழவழப்பான கிளாசின் தாள், அதன்மேல் கட்டியான அட்டை, நான்கு மூலைக்கும் அட்டைக் காப்பு, கடைசியில்தான் பபுள் ரேப், குமிழ் வெளிப்பக்கம் இருக்கும்படி. எண்ணெய் வண்ணம் தடிப்பாகப் பூசியிருந்தால் தொட்டுப் பார்க்கக் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே மாதக்கணக்கில் ஈரம். கடைசித் தேதிக்கு மூன்று வாரம் முன்னால் எண்ணெயில் ஆரம்பிப்பது வீண்.

4 அடிக்கு மேல் என்றால் சட்டத்துக்கு நடுக்கட்டை கட்டாயம். நம் ஊர் ஈரக்காற்றில் மெல்லிய கட்டை முறுக்கிக்கொள்ளும், துணி தொய்யும். மூலையில் அடித்த ஆப்புகளை டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். ஆட்டத்தில் கழன்று, துணிக்கும் கட்டைக்கும் நடுவே விழுந்தால் முன்பக்கம் புடைத்துக்கொண்டு தெரியும். தொங்கவிட டி வளையம் இரண்டு, மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு இறக்கி. பின்புறம் பெயர், தலைப்பு, ஆண்டு, ஊடகம், அளவு. உயரம் முதலில், அகலம் பிறகு. மாற்றி எழுதினால் பட்டியலில் நின்ற படம் படுத்துவிடும்.

கெர்னி காற்று:
மின்சாரத்தில் ஓடும் படைப்பு என்றால், அக்கா?

பட்டர்வொர்த் தூரிகை:
சிரிம் முத்திரை (மலேசியத் தரச் சான்று) உள்ள மூன்று முள் பிளக்கும் அடாப்டரும் போடு தம்பி. பாசார் மாலாமில் (இரவுச் சந்தை) வாங்கிய அடாப்டர் நாள் முழுக்க ஓடினால் சூடேறிவிடும். காணொளியை எம்பி4 கோப்பாக இரண்டு பென் டிரைவில் கொடு. நிறுத்தாமல் திரும்பத் திரும்ப ஓடுகிறதா என்று அங்கே இருக்கும் கருவியிலேயே போட்டுப் பார்.

செந்தூல்வாசி:
கணினித் திரையில் முதல் சுற்று நடக்கும் போட்டிகளில் நடுவர் பார்ப்பது புகைப்படத்தை மட்டும்தான். கண்ணாடி போட்ட படத்தைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு எடுங்கள். இரண்டு பக்கமும் 45 பாகையில் விளக்கு, கேமரா படத்தின் மையத்துக்கு நேராக. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்வாக எடுத்தால் செவ்வகம் சரிவகமாகிவிடும். விளக்கக் குறிப்பில் 'மனித வாழ்வின் போராட்டங்கள்' என்று ஆரம்பிக்காதீர்கள், ஒரு மேசையில் அப்படி நாற்பது கிடக்கும். எந்தப் பொருள், எங்கே கிடைத்தது, ஏன் அந்த அளவு, அது போதும்.

சுங்கை பாக்காப்:
எந்தப் போட்டி எதற்கு என்றும் பாருங்கள். யூஓபி வங்கியின் விருது சிங்கப்பூரில் 1982-இல் தொடங்கி, 2011-இல் மலேசியாவுக்கு வந்தது. 'ஆண்டின் ஓவியம்' என்று பெயரே சொல்கிறது, காணொளியும் நிகழ்த்துகலையும் உள்ளே நுழையாது. வளர்ந்துவரும் கலைஞர்களுக்குத் தனிப் பிரிவு இருப்பது நல்லது. ஹாங்காங்கின் சாவரின் கலைப் பரிசுக்கு நாமாகப் போட முடியாது, துறையில் இருப்பவர் யாராவது பரிந்துரைக்க வேண்டும். இறுதிச் சுற்றுப் படைப்புகளை ஏலம் விட்டு, பணத்தில் பாதி கலைஞருக்கு, பாதி அறப்பணிக்கு. இரண்டும் வேறு வேறு கணக்கு.

கெர்னி காற்று:
ஹின் பஸ் டிப்போ கலைவெளி 2014-இல் திறந்த பிறகு இங்கே பினாங்கில் படம் காட்டுவதற்கு இடப் பஞ்சம் கொஞ்சம் குறைந்தது. ஆனால் பெரிய விருதுகளுக்குப் படத்தைத் தூக்கிக்கொண்டு கேஎல்தான் போக வேண்டியிருக்கிறது. லோரியைப் பங்கு போட்டுக்கொள்ள ஆள் இருந்தால் சொல்லுங்கள். என்னுடையது 5 அடிக்கு 4, கிளாசின் தாள் ஒரு சுருள் மிச்சம் இருக்கிறது.