பழைய மேட்லேப் மாடலைப் பயோமாடல்ஸில் சேர்க்க உதவி வேண்டும்

வணக்கம் நண்பர்களே. எங்கள் ஆய்வகத்தில் படித்து முடித்துப் போன அக்கா ஒருவர், செல்லுக்குள் நடக்கும் சமிக்ஞைத் தொடர் ஒன்றுக்கு எழுதிய கணித மாடல் ஒற்றை மேட்லேப் (கணக்கீட்டு மென்பொருள்) கோப்பாகக் கிடக்கிறது. அவர் சம்மதத்தோடு அதை எஸ்பிஎம்எல் என்ற, உயிரியல் மாடல்களுக்கான பொதுக் கோப்பு வடிவுக்கு மாற்றி, அத்தகைய மாடல்களைச் சேர்த்து வைக்கும் பயோமாடல்ஸ் இணையக் களஞ்சியத்தில் ஏற்றப் பார்க்கிறேன்.

அந்தக் களஞ்சியத்திலிருந்து ரெப்ரசிலேட்டர் (ஒன்றையொன்று அடக்கும் மூன்று மரபணுக்களின் சுற்று) மாடலை இறக்கி, கோபாசி என்ற மாடல் ஓட்டும் மென்பொருளில் ஓட்டிப் பார்த்தேன். 2000-இல் வந்த மாடல்; மூன்று புரதங்களும் மாறி மாறி ஏறி இறங்கும் வளைவு ஐந்தே நிமிடத்தில் திரையில் வந்துவிட்டது. எங்கள் மாடலோ இரண்டு வாரமாகியும் அக்காவின் கட்டுரையில் உள்ள படத்தைத் தரவில்லை.

காரணம் பாதி பிடிபட்டது. கட்டுரையின் அட்டவணையில் சிதைவு வீதம் நொடிக்கு 0.06, மேட்லேப் கோடில் 0.001. சரியாக அறுபது மடங்கு! அட்டவணை நிமிடக் கணக்கில் இருக்க வேண்டும். ஏற்றும்போது எந்த எண்ணை வைப்பது? திருத்தத்தை எங்கே குறிப்பது?

அப்புறம், 200-ஆவது நொடியில் மருந்து சேர்வதை அக்கா 'இஃப்' நிபந்தனை வரியாக எழுதியிருக்கிறார். எஸ்பிஎம்எல்லில் அதை ஈவென்ட்டாக (குறித்த நேரத்தில் மதிப்பை மாற்றும் நிகழ்வு) வைப்பதா, பீஸ்வைஸாக (நேரத்துக்கேற்ப வேறு வேறு மதிப்பு தரும் சூத்திரம்) வைப்பதா?

2021-இல் வெளியான ஆய்வில் 455 மாடல்களைச் சோதித்தார்கள். ஏறக்குறைய பாதியைக் கட்டுரையில் உள்ள தகவலை மட்டும் வைத்து மறுபடி உருவாக்க முடியவில்லை. அக்காவின் நான்கு வருட உழைப்பு அந்தப் பாதியில் சேரக் கூடாது. பயோமாடல்ஸில் ஏற்றிய அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள், கோப்பை அனுப்புகிறேன்.