புதுப்பிப்பு: லண்டனிலிருந்து செவன் சிஸ்டர்ஸ், ஒரே நாளில்

கார் இல்லாமல் லண்டனிலிருந்து ஒரே நாளில், இங்கிலாந்தின் தென்கடற்கரையில் இருக்கும் செவன் சிஸ்டர்ஸ் சுண்ணாம்புப் பாறைகளைப் பார்த்துவிட்டுத் திரும்ப முடியுமா என்று கேட்டிருந்தேன். முடிந்தது, பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

"பிரைட்டன் வேண்டாம், சீஃபோர்டில் இறங்கிக் கிழக்கே நடங்கள்" என்ற யோசனைதான் கைகொடுத்தது. விக்டோரியாவில் ரயில் ஏறி லூயிஸில் மாறினோம். படங்களில் வரும் அந்தக் காட்சி, முன்னால் பழைய வீடுகள், பின்னால் வெள்ளை முகடுகள், கக்மியர் ஆறு கடலில் சேரும் கக்மியர் ஹேவனுக்கு மேற்குப் பக்கம்தான்.

எதிர்பாராதது ஒன்று: கக்மியர் ஆற்றின் முகத்துவாரத்தில் பாலம் கிடையாது. எக்ஸீட் பாலம் வரை உள்ளே போய்ச் சுற்றி வர வேண்டும். அப்புறம் ஏற்றமும் இறக்கமுமாக, பர்லிங் கேப் தேநீர்க் கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் கால் கெஞ்சிவிட்டது. சரி, 162 மீட்டர் உயரமுள்ள பீச்சி ஹெட் பாறை இன்னொரு நாள் என்று ஈஸ்ட் டீனுக்கு நடந்து, பஸ்ஸில் ஈஸ்ட்போர்ன், அங்கிருந்து ரயில்.

பாறை விளிம்பருகே போகாதீர்கள். அது நிஜமாகவே உதிர்கிறது.