சிம் இருக்கு, சிக்னல் இல்ல: வெளிநாட்டுல போன் படுத்தின பாடு

மன்னை செல் சர்வீஸ்:
பேத்தி பொறந்ததைப் பார்க்க சிங்கப்பூர் போன ஒரு அம்மாவோட பட்டன் போன். மாப்பிள்ளை சாங்கி விமான நிலையத்துலேயே பாஸ்போர்ட்டைக் காட்டி ப்ரீபெய்டு சிம் வாங்கிப் போட்டுட்டார். டார்ச் எரியுது, எஃப்.எம். பாடுது, சிக்னல் கோடு மட்டும் ஒண்ணுகூட ஏறல. சிம்தான் கோளாறுன்னு சண்டை போட்டு மாத்தி வாங்கியிருக்காங்க. அதுவும் அப்படியே. சிம் மேல தப்பே இல்லைங்க. அங்க 2ஜிங்கற பழைய நெட்வொர்க் 2017 ஏப்ரல்லயே போயாச்சு, 3ஜியையும் 2024ல மூடிட்டாங்க. அந்தப் போன் 2ஜி மட்டும். அது பிடிக்க டவரே கிடையாது. "மலேசியாவுல இதே போன் பேசுச்சே"ன்னு கேக்கறவங்களுக்கு: அங்க 3ஜியை 2021 கடைசியில எடுத்தாங்க, 2ஜியை அப்ப விட்டு வச்சாங்க. அட்டைப்பெட்டியில 4ஜி, வோல்ட்டி (4ஜியிலேயே கால் பேசற வசதி) ரெண்டும் போட்டிருக்கான்னு பார்த்துட்டு அனுப்புங்க.

திருவாரூர் தம்பி:
அண்ணே, பெட்டியில போட்டிருந்தா மட்டும் போதாது. அங்க ஒருத்தரோட டச் போன், 4ஜி, நெட்டு பறக்குது. ஆனா நம்பர் போட்டதும் மேல இருக்கற 4ஜி எழுத்து மறையும், ரெண்டு மூணு நொடி சும்மா இருக்கும், கட் ஆயிடும். கூடவே நின்னு பார்த்தேன். முன்னெல்லாம் வோல்ட்டி ஒத்துக்கலைன்னா கால் 3ஜிக்கு இறங்கிப் போயிடும். இப்ப இறங்க இடமில்ல. அந்தப் போன் மாடலுக்கு அந்த ஊர் கம்பெனி வோல்ட்டியைத் திறந்து விட்டிருக்கணும். ஊர்லயே சாஃப்ட்வேர் அப்டேட் பண்ணுங்க. அங்க போய் சிம் செட்டிங்ஸ்ல வோல்ட்டி பொத்தான் தெரியுதான்னு பாருங்க. தெரியலைன்னா வேற கம்பெனி சிம்மைப் போட்டுப் பார்க்கறதுதான் வழி. வாட்ஸப்ல பேசிக்கலாம்னு விட்டுடாதீங்க, சிங்கப்பூர்ல ஆம்புலன்ஸுக்கு 995 அடிக்கணும்னாலும் இதே சிக்கல் வரலாம்.

கும்மோணம் டிக்கெட்:
போன் பத்தியே பேசறீங்க, ஊர் சிம்மைக் கேப்பாரில்ல. ரெண்டாவது சிம் இடத்துல மெமரி கார்டு உக்காந்திருக்கற போன் நெறைய. ட்ரேயைக் குத்தி வெளியே எடுத்தாதான் தெரியும், ஒரே குழியில சிம் இல்லன்னா கார்டு. ஒருத்தர் கோலாலம்பூர்ல இறங்கினதும் கார்டை எடுக்க மனசில்லாம ஊர் சிம்மைக் கழட்டி சட்டைப் பையில போட்டார். நகம் அளவு சிம். சட்டை துவைக்கப் போயிடுச்சு. அன்னிக்கு ராத்திரி பேங்க் ஓடிபி கேக்குது, சட்டையைத் தலைகீழா உதறிக்கிட்டு நிக்கறார்.

படத்தையெல்லாம் ஊர்லயே கம்ப்யூட்டர்ல ஏத்திட்டு கார்டைக் கழட்டுங்க. ஊர் சிம்முக்கு இன்டர்நேஷனல் ரோமிங்கை (வெளிநாட்டுலயும் அந்த சிம் வேலை செய்யற வசதி) கிளம்பறதுக்கு முன்னாடியே திறந்துடணும்; வர்ற எஸ்.எம்.எஸ்.சுக்குப் பெரும்பாலும் காசு கிடையாது, ஓடிபிக்கு அது போதும். அந்த சிம்மில டேட்டா ரோமிங் ஆஃப். டேட்டா சிம்மா வெளிநாட்டு சிம்மைத் தேர்ந்தெடுக்கணும். ஐபோன்ல செல்லுலார் டேட்டா ஸ்விட்ச்சிங்னு ஒண்ணு இருக்கு, அதையும் அணைங்க. இல்லன்னா சிக்னல் குறைஞ்ச இடத்துல ஊர் சிம்முக்குத் தாவிப் பார்க்கும். வாட்ஸப் புது நம்பருக்கு மாத்தவான்னு கேட்டா வேண்டாம்னுடுங்க. பல மாசம் தங்கறவங்க ரீசார்ஜை விட்டுடாதீங்க. 90 நாள் பயன்பாடே இல்லாம, பேலன்ஸும் 20 ரூபாய்க்குக் கீழ போனா எண்ணைத் துண்டிக்கலாம், பிறகு அது வேறொருத்தர் கைக்குப் போகும். பேங்க் மெசேஜும் அங்கதான் போகும்.

மாயவரம்:
இவ்ளோ கூத்து எதுக்கு? இ-சிம் (அட்டையே இல்லாம போனுக்குள்ள ஏத்தற சிம்) வாங்கினா தீர்ந்தது.

கும்மோணம் டிக்கெட்:
தீராது சார். *#06# அடிச்சா ஈ.ஐ.டி.ன்னு, இ-சிம்முக்கான அடையாள எண் ஒரு வரி வரணும். வரலைன்னா அந்தப் போன்ல இ-சிம் கிடையாது. க்யூஆர் கோடு மெயில்ல வரும், அதே போன்ல. தன் திரையில இருக்கற கோடைத் தானே எப்படிப் படம் பிடிக்கும்? பெரும்பாலும் இன்னொரு போன்ல திறந்து வச்சுக் காட்டணும், இல்ல பிரிண்ட் எடுக்கணும்; சில போன்ல மட்டும் படத்துல இருந்தே ஏத்தலாம். ஏத்தறதுக்கே நெட்டு வேணும், அதனால வீட்டு வைஃபையில முடிச்சுடுங்க. செல்லுபடி நாள் ஏத்தினதுமே ஓடுமா, அங்க டவர் பிடிச்ச பிறகு ஓடுமான்னு முன்னாடியே படிச்சுக்கங்க. சிக்னல் வரலைன்னு அழிச்சுட்டா பெரும்பாலும் அதே கோடு திரும்ப ஏறாது. சுற்றுலா இ-சிம் முக்கால்வாசி டேட்டா மட்டும்தான், உள்ளூர் நம்பரே வராது.

நாகை:
கப்பல்ல போறவங்களுக்கு ஒரு வார்த்தை. இலங்கை காங்கேசன்துறை போற கப்பல்ல கரை தாண்டினதும் ஊர் சிக்னல் போயிடும். ஹோட்டல் சீட்டு, விசா பேப்பர் எல்லாம் கையில பேப்பரா இருக்கட்டும். கொழும்பு பக்கத்து கட்டுநாயக்க விமான நிலையம் மாதிரி இறங்கின இடத்துலேயே சிம் கவுண்டர் வரிசையா இருக்கும்னு எதிர்பார்த்துப் போகாதீங்க. பாஸ்போர்ட்டோட யாழ்ப்பாணம் டவுன்ல வாங்கற மாதிரி திட்டம் வச்சுக்கங்க, மேப்பை முதல்லயே இறக்கிக்கங்க.

இன்னொண்ணு. நம்ம பக்கத்து பிஎஸ்என்எல் நம்பர் பாதி 94ல ஆரம்பிக்கும். வெளிநாட்டுல ப்ளஸ் போடணும்னு யாரோ சொன்னதைக் கேட்டு, ஒரு பெரியவர் 9443க்கு முன்னால ப்ளஸ்ஸை மட்டும் போட்டு அடிச்சுக்கிட்டே இருக்கார், சிங்களத்துல ஒரு அம்மா பதில் சொல்லுது. +94 இலங்கைக் கோடுங்க! +91 போட்டுத்தான் 9443 வரணும். கிளம்பறதுக்கு முன்னாடி எல்லா நம்பரையும் +91 வச்சு சேவ் பண்ணிடுங்க. வாட்ஸப்பைச் சிங்கப்பூர் நம்பருக்கு மாத்தினவங்களுக்கு, +91 இல்லாத ஆளுங்க லிஸ்ட்லயே காணாமப் போறதும் இதனாலதான்.

மன்னை செல் சர்வீஸ்:
துபாய் போறவங்க யாரும் கேக்கல, இருந்தாலும் சொல்றேன். அங்க வாட்ஸப்ல எழுத்து போகும், வாய்ஸ் மெசேஜ் போகும், கால் போகாது. அரசே தடுத்து வச்சிருக்கு, சிம் மாத்தினாலும் அதே. வி.பி.என். (இருக்கற இடத்தை மறைச்சு நெட்டைத் திருப்பி விடற ஆப்) போட்டுத் தடையைத் தாண்டறது பெரிய அபராதத்துல கொண்டு விடும், 5 லட்சம் திர்ஹாம்ல ஆரம்பிக்குது. போட்டிம் மாதிரி அங்க அனுமதிச்ச ஆப் வேணும், அது ரெண்டு பக்கமும் இருக்கணும். ஊர்ல இருக்கற அம்மா போன்லயும் ஏத்தி, கூப்பிட்டா எந்தப் பொத்தானை அழுத்தணும்னு காட்டிட்டு விமானம் ஏறுங்க.