நாய் உரிம விதியில் விலக்கு கேட்க உதவி தேவை

குன்னூர், கோத்தகிரி பக்கம் நாய் வளர்ப்பவர்களுக்கு வணக்கம். எங்கள் வயதான நாய்க்குப் போன முறை ரேபிஸ் தடுப்பூசி போட்டதும் முகம் வீங்கி மூச்சுத் திணறியது. மறுபடி போட வேண்டாம் என்று கால்நடை மருத்துவர் எழுதியே கொடுத்துவிட்டார். ஆனால் ஊசிச் சான்று இல்லாமல் உரிமம் கிடையாதாம்.

தடுப்பூசியே வேண்டாம் என்று சொல்லவில்லை. ரேபிஸ் தடுப்பூசிக்குப் பேர்போன பாஸ்டர் நிலையம் 1907 முதல் இருக்கிற மலையில் அப்படிச் சொன்னால் அடிதான் விழும்! மருத்துவர் சான்றளித்தால் விலக்கு, லேபிளில் மூன்றாண்டு என்றிருக்கும் ஊசிக்கு மூன்றாண்டு செல்லுபடி, இவ்வளவுதான் கேட்கிறோம். அமெரிக்காவில் பல மாநிலங்களில் இரண்டும் சட்டத்திலேயே உண்டு. விலக்கு பெற்ற நாயை அவிழ்த்துவிடக் கூடாது என்று நிபந்தனை போடட்டும், சம்மதம்.

மனு எழுதத் தெரிந்த வக்கீல் யாராவது இருக்கிறீர்களா? உள்ளாட்சியில் கொடுப்பதா, கால்நடைத் துறையிலா? இதே சிக்கல் உள்ளவர்களும் சொல்லுங்கள், சேர்ந்தே கையெழுத்துப் போடலாம்.