மறுமொழி: ஸ்பேட்டர் பெயிண்ட் வேலைக்குத் தமிழில் என்ன பெயர்?

> தெளிப்புப் பூச்சு என்றே வைத்துவிடலாமே, எளிமையாக இருக்கிறது.

எளிமைதான் ஐயா. ஆனால் தெளிப்பு ஏற்கெனவே ஸ்பிரேக்குப் போய்விட்டது. தெளிப்பான், மருந்து தெளிப்பு, தெளிப்புநீர்ப் பாசனம் எல்லாம் வேரூன்றியாயிற்று. ஸ்பிரேயில் வண்ணம் சீராகப் படிய வேண்டும். பிரஷிலிருந்து வண்ணத்தைப் புள்ளி புள்ளியாகச் சிதறவிடுகிற ஸ்பேட்டரில் புள்ளிகள் ஒன்றுபோல விழுந்தால் அழகே போச்சு.

செய்முறையைப் பாருங்கள். பழைய டூத்பிரஷின் நுனியை நீர்த்த பெயிண்டில் தொட்டு, செய்தித்தாள் மேல் உதறி மொத்தைத் துளிகளைக் கழித்துவிட்டு, கட்டைவிரலால் அதன் மயிரை வளைத்து விடுகிறோம். மயிர் நிமிர்கிற வேகத்தில் துளி பறக்கிறது. பரப்பு பெரிதென்றால் பட்டை பிரஷை ஒரு குச்சியில் தட்டுவார்கள். அமெரிக்காவின் கேப் காட் பகுதிப் பழைய வீடுகளில் மரத்தரைக்கு இந்த வேலைப்பாடு பேர்போனது. அடர்ந்த நிறத்தின் மேல் பல வண்ணப் புள்ளிகள். அழுக்கும் சட்டென்று தெரியாது. மேடை நாடகத் திரைச்சீலைக்கு வண்ணம் தீட்டுகிறவர்களும், ஒரே நிறம் தட்டையாகத் தெரியக்கூடாது என்று இதையே செய்கிறார்கள்.

வளைத்துச் சட்டென்று விடுவதற்கு நம்மிடம் சொல் இருக்கிறது: தெறித்தல். வில்நாணைத் தெறிக்கிறோம், சேறும் தெறிக்கிறது. செய்கைக்கும் விளைவுக்கும் ஒரே வினை. என் ஓட்டு ‘தெறிப்புப் பூச்சு’க்கு.

> சொட்டுப் பூச்சு?

சொட்டு தானாகக் கீழே விழுவது. அமெரிக்க ஓவியர் ஜாக்சன் பொல்லாக் 1947 முதல் தரையில் கித்தானை விரித்து வண்ணத்தை ஒழுகவிட்டாரே, அந்தப் பாணிக்கு அதை வைத்துக்கொள்ளலாம். அங்கே இழை இழையாகக் கோடு, இங்கே புள்ளி.

ஸ்பேட்டரில் விழும் புள்ளிக்கு, சிறு துளி என்று பொருள்படும் ‘துமி’யை முன்மொழிகிறேன். கம்பர் இதைப் பாட்டில் கையாண்டபோது ஒட்டக்கூத்தர் ஆதாரம் கேட்டார், மோர் கடைந்த பெண் பேச்சுவாக்கில் அதே சொல்லைச் சொல்லித் தீர்த்துவைத்தாள் என்ற கதை மெய்யோ பொய்யோ, சொல் கைவசம் இருக்கிறது. டூத்பிரஷில் நுண்துமி, பட்டை பிரஷில் பெருந்துமி. பெயிண்ட் மிஞ்சி நீர்த்தால் செங்குத்துச் சுவரில் துமி வழியும் என்று கையேட்டில் எழுதவும் வசதி.

யானை முகத்துப் புள்ளியைச் சொல்லும் ‘புகர்’ மேல் எனக்கு ஆசைதான். பெயிண்ட் கடையில் சொன்னால் நம்மை ஒருமாதிரி பார்ப்பார்கள். விட்டுவிடுவோம்.

இன்னொன்று பாக்கி. மர நாற்காலி, மேசைக்குப் பழமைத் தோற்றம் தர அடர்நிறத்தை மட்டும் அங்கங்கே தெறிப்பதை ஆங்கிலத்தில் ஈ எச்சத்தின் பெயரால் அழைக்கிறார்கள். ‘ஈப்புள்ளி’ போதுமா, வேறு இருக்கிறதா? சொல்லுங்கள்.