ரா ஃபைலுக்கு ஒரு சொல்: வனையாக்கோப்பு சரியா வருமா?

எல்லாருக்கும் வணக்கம்,

கேமரா பதப்படுத்தாம அப்படியே சேமிக்கிற ரா ஃபைலைத் தமிழ்ல என்னன்னு சொல்றதுன்னு ஆரம்பிச்ச பேச்சு கச்சாக்கோப்பு, மூலக்கோப்பு, பச்சைப்படம்னு மூணு சொல்லோட நிக்குது. எனக்கு மூணும் ஒட்டல. மூலக்கோப்புன்னா நிரல் எழுதுறவங்க சோர்ஸ் ஃபைல்னுதான் எடுத்துப்பாங்க, அது ஏற்கனவே அவங்க கையில இருக்கிற சொல். பச்சைப்படம் கேட்க வேற மாதிரி இருக்குங்கிறது ஒரு பக்கம், நிறத்தைப் பத்தியே பேசுற இடத்துல பச்சைன்னா பதப்படுத்தாததுன்னு யாருக்குத் தோணும்? கச்சா பரவாயில்ல, கச்சா எண்ணெய்னு பேப்பர்ல படிச்சுப் பழகியிருக்கோம், ஆனா அதுல இருந்து ஒரு வினைச்சொல் எடுக்க முடியாது. நமக்கு ஃபைலுக்குப் பேரு மட்டும் பத்தாது, அதை வச்சு நாம செய்யுற வேலைக்கும் சேர்த்துப் பேரு வேணும்.

முதல்ல அந்த ஃபைல்ல என்னதான் இருக்குன்னு பாருங்க. கேமரா சென்சார்ல ஒவ்வொரு புள்ளியும் ஒரே ஒரு நிறத்தோட வெளிச்சத்தைத்தான் அளக்குது, நாலு புள்ளிக்கு ரெண்டு பச்சை, ஒரு சிவப்பு, ஒரு நீலம். கோடக்ல வேலை பார்த்த பிரைஸ் பேயர் 1976ல காப்புரிமை வாங்கின அமைப்பு இது, இன்னைக்கும் பெரும்பாலான கேமராவுல இதுதான். ராதெரபின்னு ஒரு இலவச மென்பொருள் இருக்கு, அதுல டிமொசைக் முறையை (ஒவ்வொரு புள்ளியிலயும் இல்லாத நிறங்களைப் பக்கத்துப் புள்ளிகளை வச்சு நிரப்புறது) 'எதுவும் வேண்டாம்'னு மாத்திட்டு ஒரு படத்தை நல்லா பெருசாக்கிப் பாருங்க, முகம் தெரியாது, கட்டம் கட்டமா புள்ளிகள்தான் தெரியும். நான் முதல்முறை அதைப் பார்த்தப்பதான் எனக்கு உறைச்சது, இது படமே இல்ல, படம் ஆகப்போற சரக்கு. அதனாலதான் பேர்ல 'படம்' வேண்டாம், 'கோப்பு'ன்னே இருக்கட்டும்ங்கிறேன்.

அப்போ திரையில உடனே தெரியுதே அது என்னன்னு கேட்கலாம். ரா ஃபைலுக்குள்ளயே கேமரா ஒரு சின்ன ஜேபெக்கை ஒட்டி வச்சிருக்கும். லேப்டாப்ல திறந்ததும் முதல்ல அதுதான் வரும், ஒரு நொடி கழிச்சு நிறம் லேசா மாறுது பாருங்க, அப்பதான் மென்பொருள் உள்ள இருக்கிற எண்களை எடுத்துத் தானே ஒரு படம் செஞ்சு காட்டுது.

இந்த 'செஞ்சு காட்டுறது' இருக்கே, அதுக்குத்தான் வினை வேணும். முதல்ல எனக்குத் தோணினது 'கழுவு'தான். ஃபிலிம் காலத்துல எல்லாரும் ரோலைக் கழுவக் குடுத்தோம், யாரும் அகராதி பார்த்துச் சொன்னதில்ல, தானா வந்த சொல். கழுவாக்கோப்புன்னே வச்சிடலாம்னு ரொம்ப நாள் நினைச்சேன், இப்பவும் அந்தச் சொல்லை விட மனசில்ல. ஆனா ஃபிலிமை ஒருதரம் கழுவினா அவ்வளவுதான், திரும்பக் கழுவ முடியாது. ரா அப்படி இல்ல.

என் மேசையிலேயே நடந்ததைச் சொல்றேன். மஞ்ச பல்பு வெளிச்சத்துல எடுத்த படம், வெள்ளைச் சட்டை ஆரஞ்சா இருந்துச்சு. ஜேபெக்ல சரிபண்ணப் போனா சட்டை ஒரு மாதிரி சாம்பல் நீலமாச்சு, தோல் செத்துப்போச்சு. அதே படத்தோட ராவுல வெண்சமநிலையை (வைட் பேலன்ஸ், வெள்ளை வெள்ளையாத் தெரிய நிறத்தைச் சரிபண்ற அளவு) 5500 கெல்வின்ல இருந்து 2900க்கு இறக்கினேன், சட்டை சட்டையாவும் முகம் முகமாவும் வந்துடுச்சு. ஜேபெக்ல ஒரு நிறத்துக்கு 256 படிதான், 14 பிட் ராவுல 16,384 படி, அதனால இழுக்க இடமிருக்கு. மறுநாள் பார்த்தா கொஞ்சம் நீலமா இருக்கே, ஏன்னு பார்த்தா முந்தின ராத்திரி லேப்டாப்ல நைட் லைட் ஓடிட்டிருந்திருக்கு, அந்த மஞ்சத் திரையைப் பார்த்துத்தான் நிறம் வச்சிருக்கேன் (படம் திருத்தும்போது அதை அணைச்சிடுங்க, அறை விளக்கும் ஒரே மாதிரி இருக்கணும்). திரும்பவும் முதல்ல இருந்து செஞ்சேன். இவ்வளவுக்கும் ரா ஃபைல் அதே 42 எம்பி, ஒரு பைட் கூட மாறல, பக்கத்துல ஒரு குட்டி எக்ஸ்எம்பி ஃபைல்ல நான் செஞ்சது மட்டும் எழுதியிருக்கு.

சுட்ட மண்ணும் பச்சை மண்ணும் ஒட்டாதுன்னு சொல்வோமில்லையா, அங்க இருந்துதான் எனக்கு 'வனை' கிடைச்சது. சுடுற வரைக்கும் களிமண்ணைத் திரும்பத் திரும்ப வனையலாம். ரா அந்தப் பச்சை மண், ஜேபெக் சுட்டது. அப்போ ரா ஃபைல் வனையாக்கோப்பு, டெவலப் பண்றது வனைதல், எக்ஸ்எம்பி ஃபைல் வனைகுறிப்பு, ஒரே கோப்புல இருந்து கருப்பு வெள்ளையில ஒண்ணு, கலர்ல ஒண்ணுன்னு எடுத்தா ரெண்டு வனைவு. ஒரே வேர்ல இருந்து நாலு சொல் சிரமமில்லாம வந்துடுச்சு.

வனைங்கிற சொல் பேச்சுல இப்போ குறைஞ்சிடுச்சுன்னு ஒருத்தர் சொல்லக்கூடும், நியாயம்தான், ஆனா பானை வனைந்தான்னு பள்ளிக்கூடத்துல படிக்காதவங்க கம்மி, பொருள் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்ல. ஜேபெக்கை மட்டும் சுட்டபடம்னு சொல்லிடாதீங்க, இணையத்துல அது திருடின படம். அதுக்கு ஜேபெக்னே இருக்கட்டும், அது ஒரு வடிவத்தோட பேருதானே.

ஒரு புதுசா கேமரா வாங்கினவர்கிட்ட இப்படிச் சொல்லிப் பாருங்க: "இப்போதைக்கு வனையாக்கோப்பா எடுத்து வைங்க, நிறத்தை அப்புறம் உக்காந்து வனைஞ்சுக்கலாம்." எந்த இடத்துல நாக்கு தட்டுதுன்னு எழுதுங்க.