ஆடிட்டர் அண்ணன் ஒரு பெரியவரே கதி என்று இருக்கிறான், கவலைப்படணுமா?

பாளையங்கோட்டைத் தங்கச்சி:
குலசை தசராவுக்கு வேடம் கட்டிக் காணிக்கை எடுக்கும் சித்தப்பாவிடமே "ரசீது உண்டா?" என்று கேட்டவன் என் அண்ணன். முறப்பநாட்டுப் பக்கம் ஒரு பெரியவர் பேசுகிறார் என்று குறை கண்டுபிடிக்கத்தான் முதலில் போனான். இப்போது ஞாயிறு தவறுவதில்லை. அவரைக் கேட்காமல் கார்கூட மாற்ற மாட்டான் போல. மதினி சும்மா இருக்கிறாள், எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

ஆற்றங்கரையான்:
மதுரகவி ஆழ்வாரை நினைத்துக்கொள்ளுங்கள். திருக்கோளூர்க்காரர், படித்தவர், வயதிலும் மூத்தவர். ஆழ்வார்திருநகரிப் புளியமரத்தடியில் பேசாமல் இருந்த நம்மாழ்வாரைக் கேள்வி கேட்டுச் சோதித்துவிட்டுத்தான் சீடரானார் என்கிறது குருபரம்பரைக் கதை. அவர் பாடிய 11 பாசுரமும் குருவைப் பற்றியே. சோதிக்கத் தெரிந்தவன் விழுந்தால் முழுசாகத்தான் விழுவான்.

டவுன் அண்ணாச்சி:
மதுரகவியிடம் யாரும் நன்கொடை கேட்கவில்லையே! பணம் போகிறதா என்று முதலில் பாரும்மா. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வரிச்சலுகை கிடையாது. ஆடிட்டரே அதை மறந்துவிட்டு ரொக்கமாகக் கொடுத்தால் அப்புறம் கவலைப்படலாம்.

பாளையங்கோட்டைத் தங்கச்சி:
பணமே வாங்குவதில்லையாம் அண்ணாச்சி, கொண்டுபோன பழத்தையும் திருப்பிக் கொடுத்துவிடுகிறாராம். சரி, இந்த ஞாயிறு நானும் போய் நாலு கேள்வி கேட்கிறேன்.